சராசரியும் லயக் காம்பராவும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பொருளியல் அறிஞர் ஒருவரின் எழுத்தை விமர்சிக்கப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். கம்பனையும் இளங்கோவையும் விட்டுவிட்டுக் கணக்கேட்டைப் புரட்டுவானேன் என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயின், ஓர் இலக்கிய நூலை நாம் எவ்வாறு படிக்கின்றோம்? யார் பேசுகின்றார், யாரைப் பற்றிப் பேசுகின்றார், யார் பேச்சின்றி ஓரத்தில் நிற்கின்றார் என்று வினவியன்றோ படிக்கின்றோம்? அவ்வினாக்களையே புள்ளிவிபர அட்டவணையிடமும் வினவலாம், வினவவும் வேண்டும். ஏனெனில் இன்று ஏழை மக்களின் பெயரால் மிகுதியாகப் பேசுபவை கதையும் கவிதையுமல்ல, அட்டவணைகளே. எங்கே வைத்தியசாலை கட்டுவது, யாருக்கு நிவாரணம் கொடுப்பது, யாருடைய பசியைப் பசியென்று ஏற்றுக்கொள்வது என்பனவெல்லாம் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. நமது மாணவரின் வாழ்வை இத்துணை ஆழமாகப் பாதிக்கும் எழுத்தை விமர்சன உலகுக்குப் புறம்பானதென்று ஒதுக்கிவைத்தல் தகாது.

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் 2016ஆம் ஆண்டு நிகழ்ந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடு முழுவதையும் சேர்த்து நோக்கின் நூற்றுக்கு 17.3 பேர். தென்னாசிய நாடுகளோடு ஒப்பிடுமிடத்து இது பெருமைப்படத்தக்க எண். அதே ஆய்வு தோட்டப்புறத்தைத் தனியே பிரித்துக் காட்டும்போது தரும் எண் 31.7. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் தேயிலை மலைகளுக்கிடையே பிறக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உரிய வளர்ச்சியின்றி நிற்கின்றனர் என்பதே இதன் பொருள். இரண்டு எண்களும் உண்மையானவையே. இரண்டும் ஒரே ஆய்வில் இடம்பெற்றவையே. ஆனால் ஒன்று ஊரறிய உலா வருகின்றது. மற்றது உள்ளே ஒரு பத்தியில் ஒதுங்கிக் கிடக்கின்றது. இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை ஆராய அமர்த்தியா சென் அவர்களின் எழுத்தைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணமுண்டு. ஏற்றத்தாழ்வையும் மனித உயிரின் நலத்தையும் பொருளியலின் நடுவே கொண்டுவந்து நிறுத்திய அறிஞருள் அவர் தலையாயவர். அத்துடன், இலங்கையை உலகப் பொருளியல் விவாதத்துக்கு ஒரு முதன்மையான சான்றாக ஆக்கியவருள்ளும் அவர் ஒருவர். நாம் மதிக்கும் ஒருவரை விமர்சிப்பதே பயனுடைய விமர்சனம். மதிப்பில்லாதவரோடு வாதிட்டு நாம் கற்கப்போவது யாதுமில்லை.

சென் 1933ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் பிறந்தவர். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் நேர்ந்தபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவர். எலும்புக்கூடுகளாக வீதியில் வந்து விழுந்த மனிதரை அவர் கண்ணாரக் கண்டார். அப்பஞ்சத்தில் மாண்டவர் சுமார் 30 இலட்சம் பேர் என்பது பிற்காலத்தில் அவர் செய்த கணிப்பு. மாண்டோர் நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் போன்ற கிராமத்து ஏழைகளே. அவர் பிறந்த வகுப்பினருள் எவரும் பட்டினியால் மாளவில்லை. இந்த முரண்பாடே அவரது ஆய்வு வாழ்வின் வித்து எனலாம். 1981ஆம் ஆண்டில் வெளியான, வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் அவர் நிறுவிய உண்மை மிக எளியது. அதேவேளை ஆள்வோர்க்கு மிகவும் கசப்பானது. 1941ஆம் ஆண்டைவிட 1943இல் வங்காளத்தில் உணவு குறைந்திருக்கவில்லை. ஊரில் உணவு இருந்தது. அதனைப் பெறும் உரித்து மாண்டவரிடம் இருக்கவில்லை. நிலமோ, நிலையான கூலியோ, அரசின் பங்கீட்டு அட்டையோ எதுவும் அவர்களிடமில்லை. பஞ்சம் என்பது உணவின் பற்றாக்குறை என்பதைவிட உரித்தின் பறிபோதல் என்று கொள்வதே பொருந்தும் என்றார் அவர்.

அதே 1981ஆம் ஆண்டிலேதான் இலங்கையைப் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரையும் வெளிவந்தது. வருமானம் குறைந்த நாடொன்று, செல்வம் பெருகும்வரை காத்திராமல், பொதுநடவடிக்கையினாலேயே மக்களின் ஆயுளை நீட்ட இயலும் என்பதற்கு இலங்கையை அவர் சான்று காட்டினார். 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, 1945இல் வந்த இலவசக் கல்வி, நாற்பதுகளில் விரிந்த அரசாங்க வைத்திய சேவை ஆகியன அச்சான்றின் தூண்கள். 1946ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 141 சிசுக்கள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1950ஆம் ஆண்டில் அது 82 ஆகக் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் வரலாற்றிற் சிறியதன்று.

இதனை மறுத்தோரும் உளர். நாட்டின் பெரும் பேறுகள் 1960ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை என்றும், அதன்பின் மானியங்களுக்குச் செலவிட்ட பணத்தால் தனிச் சிறப்பான முன்னேற்றம் யாதும் விளையவில்லை என்றும் சுர்ஜித் பல்லா முதலியோர் எண்பதுகளில் வாதிட்டனர். பொதுநடவடிக்கை விரிந்ததே 1960க்கு முன்னர்தான். ஆதலின் பயனும் அப்போதே விளைந்தது இயல்பன்றோ என 1988இல் சென் விடையிறுத்தார். இவ்விவாதம் வெறும் ஏட்டு விவாதமன்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், 1979இல் அரிசிப் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலைநிற்க, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழையின் சோற்றுக்கு இடும் பணம் வீண்பணம் என்று வலியோர் கூறிய அந்நாளில், அது வீணன்று என ஆதாரத்தோடு எடுத்துரைத்த குரல் சென்னின் குரல். அக்குரலுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். 1985ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பும் சீனம், கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் சேர்த்து, குறைந்த செலவில் நிறைந்த நலம் கண்ட நாடுகளின் வரிசையில் வைத்தது.

இத்துணையும் ஏற்றுக்கொண்ட பின்னரே எமது ஐயத்தை முன்வைக்கின்றோம். சென் சராசரியில் மயங்குபவரல்லர். அமெரிக்காவின் செல்வச் சராசரியை உடைத்து, அந்நாட்டின் கறுப்பின மக்களுக்கு முதுமை எய்தும் வாய்ப்புக் கேரளத்து மக்களுக்கு உள்ளதைவிடக் குறைவு என்று காட்டியவர் அவர். ஆசியாவின் குடிசனக் கணக்கை உடைத்து, பத்துக்கோடிக்கு மேற்பட்ட பெண்கள் காணாமற் போயினர் என்று 1990இல் உலகை அதிரவைத்தவரும் அவரே. ஆனால் இலங்கை பற்றிய அவரது வாதத்தில் தீவு முழுவதும் ஒரே அலகாகவே நிறுக்கப்படுகின்றது. நாட்டோடு நாட்டை ஒப்பிடும் அவ்வாதத்தின் நோக்கத்துக்கு அது போதுமானதாயிருக்கலாம். விவாதத்தில் எதிர்த்தரப்பினரும் எந்த ஆண்டில் என்றுதான் சண்டையிட்டனரேயன்றி, எந்த மலையில் என்று வினவுவதை மையமாகக் கொள்ளவில்லை. அமெரிக்கச் சராசரியின் மீது பாய்ந்த அதே வாளை இலங்கைச் சராசரியின் மீதும் பாய்ச்சுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

சராசரி எவ்வாறு மறைக்கின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் நாட்டு மக்களுள் நூற்றுக்கு 4.4 பேர். பிள்ளைகளின் பங்கும் ஏறத்தாழ அதுவே எனக் கொள்வோம். நாளைக்கே ஏதோவொரு அற்புதம் நிகழ்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு 31.7இலிருந்து நாட்டுச் சராசரி அளவுக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது நாட்டின் சராசரி எவ்வளவு அசையும்? 0.6 அளவே அசையும். ஒரு சமூகத்தின் பிள்ளைகளுள் ஏழில் ஒருவர் குன்றிய வளர்ச்சியிலிருந்து மீண்டெழுந்தாலும் நாட்டின் எண் கண்ணிமைக்காது. ஆகவே சராசரியை உயர்த்துவதே இலக்கென்று கொள்ளும் அதிகாரி, மலையை எட்டிப் பார்க்காமலே தன் கடமையை முடித்துவிடலாம். இதில் எவருடைய தீய எண்ணமும் வேண்டியதில்லை. கணக்கின் அமைப்பே போதும்.

இனி, தோட்டம் ஏன் நாட்டின் நலச் சேவைக்கு வெளியே நின்றது என்பதை வரலாற்றிற் காண்போம். சுகாதாரப் பொருளியல் என்னும் துறைக்கு 1963ஆம் ஆண்டில் கென்னெத் ஆரோ எழுதிய கட்டுரையே தோற்றுவாய் என்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கின்றனர். எமது மலைகளில் அதற்கு நெடுநாள் முன்னரே வேறொரு சுகாதாரப் பொருளியல் நடைமுறையில் இருந்தது. அது துரைமாரின் பேரேட்டில் எழுதப்பட்டது. தொழிலாளியின் வைத்தியச் செலவு எவ்வளவு, அவன் படுத்துக்கொண்டால் நட்டம் எவ்வளவு, புதிய ஆள் ஒருவனைத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து சேர்க்க எவ்வளவு என்பதே அதன் பாடம். 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தபோதும், செலவை ஏற்பவர் யார் என்பதே பெரும் வழக்காக நின்றது.

கொக்கிப்புழுவின் கதை இதனை நன்கு விளக்கும். இப்புழு மனிதக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமண்ணிற் பொரித்து, வெறுங்கால் வழியாக மீண்டும் உடலுட் புகும். மலசலகூடமில்லாத லயங்களும் செருப்பில்லாத கால்களும் அதற்கு வாய்ப்பான உலகம். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலிற் களமாக்கியது தோட்டங்களைத்தான். மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டுவது துரைமாரின் செலவு. அதற்குப் பலர் இசையவில்லை. ஆகவே மருந்துண்டவனையே புழு மீண்டும் பற்றிக்கொண்டது. சிகிச்சை மட்டும் போதாது, சுற்றுப்புறமும் தாய் சேய் நலமும் ஒன்றாகக் கவனிக்கப்பட வேண்டும் என்ற பாடம் இவ்வனுபவத்திலும் பிறந்தது. அப்பாடம் 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவாக உருக்கொண்டு, பின்னர் தீவெங்கும் பரவியது. இலங்கைக்குப் புகழ் தேடித்தந்த கிராமச் சுகாதார அமைப்பின் ஊற்று அதுவே. ஆயின், பாடத்தைத் தன் உடலால் கற்பித்த தோட்டத் தொழிலாளி அவ்வமைப்புக்கு வெளியே நின்றான். அவனது வைத்தியம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலும், தோட்டத்து மருந்துச்சாலையின் புட்டியிலுமே அடங்கிக் கிடந்தது.

இதற்குமேல் அரசியல் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதனோடு போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. எண்ணப்பட்ட மக்கள் இவர்கள்; ஆயினும் இவர்களைக் கேட்டு எவரும் எண்ணவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவு நெருக்கடி வந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது, பங்கீடு குறைந்தது. கிராமத்தவனுக்கு வீட்டைச் சுற்றி மரவள்ளியும் பலாவும் ஈரப்பலாவும் இருந்தன. லயத்திலிருந்தவனுக்குத் தேயிலை மட்டுமே இருந்தது. அதை உண்ண முடியாது. தோட்டப்புறத்தில் மரணம் பெருகியது. அங்குச் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியைப் போல் இரு மடங்கைத் தாண்டியது. சென் பின்னாளில் எழுதிய உரித்துக் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறெங்குண்டு? நாட்டில் உணவு அறவே அற்றுப்போகவில்லை. நிலமும் வேலைநாளும் வாக்கும் அற்றவனுக்கே அது அற்றுப்போயிற்று. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள மக்களாட்சியிற் பெரும்பஞ்சம் நேர்வதில்லை, ஏனெனில் ஆள்வோர் வாக்குக்கு அஞ்சுவர் என்பது சென்னின் மற்றொரு கருத்து. அக்கருத்தையும் மலையகம் மறுபுறமிருந்து மெய்ப்பித்தது. வாக்கற்றோரின் பட்டினிக்கு மக்களாட்சியும் அஞ்சவில்லை. ஆக, இலங்கை பற்றிய சென்னின் எடுத்துக்காட்டு எமது மக்களை மறைக்கின்றது. அவரது கோட்பாடோ எமது மக்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றது. எடுத்துக்காட்டை விட்டுக் கோட்பாட்டைப் பற்றுதலே நாம் அவரிடம் கற்கவேண்டிய முறை.

அன்றைய நிலை இன்றும் அப்படியே உள்ளதென்று கூறுவது நேர்மையாகாது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினைக்கும் முடிவு காணப்பட்டது. உயரக் குறைவும் 2006, 2007ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு 40 அளவிலிருந்து பின்னர் 31.7க்கு இறங்கியுள்ளது. முன்னேற்றம் உண்டு, இடைவெளியும் உண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பெனிகளின் கைக்கு மாறிய பின்னரும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழும் குடும்பங்கள் இன்னும் உள்ளன.

இங்கு இன்னொரு அறிஞரையும் நினைவுகூர்தல் தகும். 2015ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற அங்கஸ் டீட்டன், மனிதரின் உயரத்தை அவர்தம் பிள்ளைப்பருவத்தின் ஆவணமாகப் படிக்கக் கற்பித்தவருள் ஒருவர். குழந்தை உண்டதும், உண்டதை நோய் பறித்ததும் உடலில் எழுதப்பட்டுவிடுகின்றன. எமது வகுப்பறையில் முன்வாங்கில் அமரும் பிள்ளைகளை நோக்கும்போது அவ்வெழுத்தை நாமும் படிக்கின்றோம். மலையகத்தார் குள்ளமான இனம் என்று கூறி நகைப்போர் உளர். இனத்தின் மேற் பழிபோடுவது எளிது. தாயின் இரத்தசோகை, எடை குறைந்து பிறக்கும் சிசு, கோதுமை மா ரொட்டியே உணவாதல், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தாய் மலைக்குச் செல்லும் நீண்ட பகல், அசுத்தமான நீரால் அடிக்கடி வரும் வயிற்றோட்டம் என்று காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்வதே கடினம், அதுவே அறிவு.

வறுமைக் கோட்டையும் இவ்வாறே நுணுகி நோக்கவேண்டும். 2016ஆம் ஆண்டுக் கணக்கில் தோட்டப்புறத்தில் வறியோர் நூற்றுக்கு 8.8 பேர். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் 33.8 பேர். மூன்றாண்டுகளில் வறியோர் நான்கு மடங்கு பெருகினரா? இல்லை. பழைய கோட்டை விட்டுப் புதிய கோடொன்று வரைந்தனர், அவ்வளவே. நேற்றுவரை கோட்டுக்கு மேலே ஓரங்குலம் தள்ளி நின்று, வறியோரல்லர் என எழுதப்பட்டவர் இன்று கோட்டுக்குக் கீழே காணப்பட்டனர். அவர்களுடைய உலையில் வெந்தது இரு நாளும் ஒன்றே. ஒரு சொல்லின் பொருள் மாறினாற் செய்யுளின் பொருள் மாறும் என்பதை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஒரு கோட்டின் இடம் மாறினால் ஒரு மக்கட்கூட்டத்தின் நிலை மாறியதாகத் தோன்றும் என்பதையும் கற்பிக்கவேண்டாமா?

சென் 2002ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு கட்டுரை எமக்கு மிகவும் நெருக்கமானது. இந்தியாவில் நோயுண்டா என்று கேட்டால், நலத்திற் சிறந்த கேரளத்தாரே மிகுதியாக ஆம் என்கின்றனர். நலத்திற் பின்தங்கிய பீகாரத்தார் இல்லை என்கின்றனர். கல்வியும் வைத்தியமும் பெற்றவருக்கே தமது நோய் நோயாகத் தெரிகின்றது. பெறாதவர்க்கு அது வாழ்வின் இயல்பாகப்பட்டுவிடுகின்றது என்பது அவர் தரும் விளக்கம். இதனைப் படித்தபோது எமது வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டுரைப் பயிற்சிக்காகப் பத்தாம் வகுப்பு மாணவரிடம், உங்கள் வீட்டில் நோயாளர் உளரா என்று கேட்டோம். ஒரேயொரு கை உயர்ந்தது. தாய்க்குத் தலைச்சுற்றலோ கால்வீக்கமோ முழங்கால் வலியோ இல்லாத வீடு எது என்று கேள்வியை மாற்றினோம். ஒரு கையும் உயரவில்லை. அவ்வாறாயின் முன்பு ஏன் நோயில்லை என்றீர்கள் என்று வினவ, ஒரு மாணவி எழுந்து, “அது நோய் இல்லீங்க சேர், மலைக்குப் போறவங்க எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்றாள். அவளுடைய விடையில் எம் மக்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருந்தது.

தோட்டத்து வழக்கிலுள்ள ஒரு சொல்லையும் இங்குக் கருதலாம். ஒரு நாள் வேலையை அங்கே ‘பேர்’ என்பர். குறித்த நிறை கொழுந்து எடுத்தால் முழுப் பேர். எடை குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலோடு மலையேறிய பெண்ணின் கூடையில் எடை குறைவது இயல்பே. அன்று அவளுக்கு விழுவது அரைப்பேர். அவளுடைய நோய் எந்த வைத்தியசாலைப் பதிவிலும் ஏறாது. செக்ரோலில் மட்டும் அரையாக ஏறும். கிராமத்திலும் நகரத்திலும் நோயைத் தேட வைத்தியசாலைக்குச் செல்லும் ஆய்வாளர், தோட்டத்தில் அதைச் சம்பளக் கணக்கிலும் தேடவேண்டியிருக்கும்.

இந்த இடத்திலேதான் இலக்கியத்தின் பணி தெளிவாகின்றது. 1935ஆம் ஆண்டில் மணிக்கொடியில் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’, தமிழ்நாட்டிலிருந்துகொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் நோயையும் இழிவையும் நோக்கிய பார்வை. மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, உள்ளேயிருந்து எழுதினார். என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, நாம் மேலே குறித்த நிறையின் உலகத்தையே கதையாக்கியது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடக்கும் நெருக்கடியைச் சொல்வது. வீட்டு நெருக்கம் என்று ஆய்வேடு இரு சொல்லிற் கூறிச் செல்வது, மானமுள்ள மனிதருக்கு எத்தகைய வதையாகும் என்பதை அக்கதையைப் படித்தவரே அறிவர்.

ஆயினும் கதை மட்டும் போதும் என்று கூற நாம் முன்வரோம். கதை ஒரு காம்பராவைக் காட்டும்; அத்தகைய காம்பராக்கள் எத்தனை என்று கூறாது. ஒரு குழந்தையின் சாவில் நம்மை அழவைக்கும். அச்சாவுக்கு எந்தச் சட்டமும் எந்த விலைவாசியும் காரணம் என்று எப்போதும் விளக்காது. எழுத்தாளரின் அனுதாபம் மட்டும் கொண்டு அரசின் வரவுசெலவுத் திட்டத்தோடு வாதிட இயலாது. அங்கு எண்ணுக்கு எண்ணே விடையாகும். எண்ணைப் பகைக்கும் இலக்கியவாதியும், கண்ணீரை ஏளனஞ் செய்யும் கணக்காளரும் இருவேறு திசையிலிருந்து மக்களுக்கு ஒரே தீங்கையே செய்கின்றனர்.

எண்களும் வானிலிருந்து விழுபவையல்ல. எதனை எண்ணுவது, எங்கே கோடு கிழிப்பது, யாரைத் தோட்டத்தவர் என்று வகுப்பது என்பதை யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து தீர்மானிக்கின்றார். லயத்தை விட்டுக் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவோ வீட்டுவேலைக்காரியாகவோ போய்ச் சேர்ந்த எமது பழைய மாணவர் கணக்கில் நகரத்தவராகிவிடுகின்றனர். அவர்கள் சுமந்து செல்லும் குன்றிய உடலும் குறைந்த கல்வியும் தோட்டத்தின் கணக்கில் இனி வாரா. அம்மேசைகளில் மலையகத்துப் பிள்ளைகளும் அமரும் நாள் வரவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் இம்மத்திய மலைநாட்டிலேயே இருக்கின்றது. அதன் வாயிலைக் கடக்கும் எமது மாணவர் தொகை மெல்லப் பெருகிவருகின்றது. அவர்களுள் சிலராவது பொருளியலையும் புள்ளிவிபரவியலையும் சமூக மருத்துவத்தையும் தேர்ந்து, தம் தாயின் முழங்கால் வலியை ஆய்வுப் பொருளாக்க வேண்டும். அது தாழ்ந்த பொருளன்று. வீதியில் விழுந்த பசித்த மனிதரின் நினைவைச் சுமந்த ஒரு சிறுவரே பின்னாளில் உலகப் பொருளியலைத் திருத்தியெழுதினார்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு சிறு பணியுண்டு. ஆண்டுதோறும் நம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் சுகாதார ஊழியர் வந்து அளக்கும்போது, அதைப் பாட நேரத்துக்கு இடையூறென்று எண்ணாதிருப்போம். இடாப்பில் வரவில்லை என்று சிவப்பு மையால் வெறுமனே எழுதாமல், ஏன் வரவில்லை என்பதையும் ஒரு வரியிற் குறித்து வைப்போம். பத்தாண்டுகள் கழித்து நம் மாணவன் ஒருவன் ஆய்வாளனாகத் திரும்பி வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க அந்த ஏடு இருக்கட்டும். அந்த மாணவியிடமும் நாம் மீண்டும் சென்று, மலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் இருப்பதால் அது நோயில்லை என்றாயே, எல்லாருக்கும் ஏன் இருக்கின்றது என்று கேட்டோம். விடை தெரியவில்லை என்றாள். தெரியவேண்டும் என்ற விருப்பம் அவள் முகத்தில் தெரிந்தது. அவ்வினாவோடு அவளைப் பல்கலைக்கழகம்வரை கொண்டு சேர்ப்பது எமது பொறுப்பு.